சிறு கட்டளைகளின் சிறப்பு

காலபோக நெல் விளைந்து தலைசாயும் தை, மாசி மாதங்களில், வன்னிப் பெருநிலத்தின் நெற்களங்களில் முன்னாளில் பல கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்பட்டன. அரிவாள் அறுத்தது, ஆனால் தூற்றவில்லை. சுளகு தூற்றியது; ஆனால் அளக்கவில்லை. மரைக்கால் அளந்தது, ஆனால் சாக்கைக் கட்டவில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு தொழிலை மட்டுமே செய்தது. அதைச் செவ்வையாகச் செய்தது. இன்று பெரும்பாலான வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கி, அறுப்பையும் சூடடிப்பையும் தூற்றலையும் ஒருங்கே முடித்துவிடுகிறது. ஆயினும், சமையலுக்கு எடுத்த இரண்டு கொத்து அரிசியில் உமியும் குறுணலும் கிடந்தால் அவ்வியந்திரத்தை எவரும் அழைப்பதில்லை. சுவரில் தொங்கும் சுளகையே எடுக்கின்றனர்.

கணினி உலகிலும் இத்தகைய சுளகுகள் உண்டு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஆக்கப்பட்டு, இன்றும் அதே பெயரோடும் அதே பயனோடும் விளங்கும் சிறு கட்டளை நிரல்களே அவை. கணினி என்றதும் வண்ணப் படங்களும், அவற்றின் மேல் ஊரும் சுட்டியுமே இக்காலத்தவர் மனத்தில் தோன்றும். கட்டளை நிரல்களுக்கு இவை எவையும் வேண்டா. வெறுந்திரையில் ஒரு சிறு சொல்லைத் தட்டச்சிட்டு விசையை அழுத்தினால் போதும். சொன்ன பணி முடிந்துவிடும். ஒரு நிரல் வரிகளை அகர வரிசைப்படுத்தும். மற்றொன்று சொற்களை எண்ணும். வேறொன்று வேண்டிய சொல் வரும் வரிகளை மட்டும் தெரிந்தெடுத்துக் காட்டும். இவ்வளவே அவற்றின் தொழில். இத்துணைச் சிறிய பொருள்களை அறிஞரும் மாணவரும் இன்றளவும் விரும்பிக் கையாளுவது ஏன் என்பது ஆராயத்தக்கது.

அவற்றின் சிறுமைக்குக் காரணம் அவை பிறந்த இடத்தின் வறுமையே. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் என்பவர், பிறர் அதிகம் பயன்படுத்தாத ஒரு சிறு கணினியில் புதிய பணிசெயல் முறைமையொன்றை ஆக்கத் தொடங்கினார். டெனிஸ் றிச்சி அவரோடு இணைந்தார். அதுவே பின்னாளில் யுனிக்ஸ் என்று புகழ்பெற்றது. அக்கணினியின் நினைவகத்தில் 8,192 சொற்கூறுகளுக்கே இடமிருந்தது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரேயொரு நிழற்படத்தைக்கூட அதனுள் அடக்க இயலாது. அத்தகைய சிற்றறையில் பெரிய நிரலுக்கு இடமேது? எனவே ஒவ்வொரு நிரலும் ஒரு பணியோடு அமைய வேண்டியதாயிற்று.

கட்டளைகளின் பெயர்கள் இரண்டெழுத்து, மூன்றெழுத்தாகக் குறுகியதற்கும் இத்தகைய காரணமே உண்டு. அந்நாளில் கணினியோடு உரையாடத் தொலைத் தட்டச்சுப் பொறிகளே இருந்தன. அவற்றுட் பெயர்பெற்ற ஒன்று வினாடிக்குப் பத்து எழுத்துகளையே அச்சிடும். அதன் விசைகளும் அழுத்துவதற்குக் கடினமானவை. ஆதலால் சுருங்கச் சொல்வது தேவையாயிற்று. பணி செவ்வனே முடிந்தால் நிரல் ஒன்றும் பேசாது; பிழை நேர்ந்தால் மட்டுமே பேசும். 1971 நவம்பர் 3 எனத் திகதியிட்ட யுனிக்ஸின் முதற் கையேட்டிலேயே வரிசைப்படுத்தும் 'சோட்', எண்ணும் 'டபிள்யூசி', கோப்பைத் திரையிற் காட்டும் 'கற்' ஆகியவை இடம்பெற்றிருந்தன. இம்மூன்றும் இன்றும் அப்பெயர்களோடே வழங்குகின்றன.

தேடும் நிரலாகிய 'கிறெப்' பிறந்த வரலாறு சுவையானது. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788ஆம் ஆண்டுகளில் எண்பத்தைந்து கட்டுரைகள் புனைபெயரில் வெளிவந்தன. அவற்றுட் சிலவற்றை எழுதியவர் யார் என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த லீ மக்மான் என்பவர் சொற்களின் ஆட்சியை ஆராய்ந்து அதனைத் துணிய முயன்றார். அக்கட்டுரைகளோ அந்நாளைய உரைத்தொகுப்பி நிரலுக்குள் அடங்காத அளவு பெரியவை. அப்போது தொம்சன், தொகுப்பியிலிருந்த தேடும் பகுதியைத் தனியே பிரித்தெடுத்து ஒரு சிறு நிரலாக அளித்தார். இலக்கிய ஆராய்ச்சியின் தேவையிலிருந்து பிறந்த இக்கருவி 1973ஆம் ஆண்டுக் கையேட்டில் இடம்பெற்றது. இன்று அதனை அறியாத கணினி வல்லுநர் இலர்.

ஆயினும், தனித்தனியே கிடந்தால் இந்நிரல்களுக்கு இத்துணைப் பெருமை வந்திராது. அவற்றை ஒன்றோடொன்று இணைத்தமையே பெருமைக்குக் காரணம். டக்ளஸ் மக்கில்றோய் என்னும் அறிஞர் 1964ஆம் ஆண்டிலேயே, தோட்டத்து நீர்க்குழாயில் மற்றொரு துண்டைத் திருகிப் பூட்டுவதுபோல நிரல்களையும் பூட்டும் வழி வேண்டும் என்று குறிப்பெழுதினார். 1973ஆம் ஆண்டில் தொம்சன் அதனைச் செய்து முடித்தார். ஒரு நிரலின் வெளியீடு அப்படியே அடுத்த நிரலுக்கு உள்ளீடாகப் பாயும். இரண்டு கட்டளைகளுக்கிடையே ஒரு சிறு நிலைக்குத்துக் கோடு இட்டால் போதும். அதற்குக் 'குழாய்' என்பதே பெயர்.

வன்னி மக்களுக்கு இது புதுமையன்று. இந்நிலத்தின் சிறு குளங்கள் தனித்தனிக் கிண்ணங்கள் அல்ல. மேட்டிலுள்ள குளம் நிரம்பி வான் பாய்ந்தால், அந்நீர் கீழுள்ள குளத்தைச் சேர்கிறது. துருசு வழியே வயலுக்குப் பாய்ந்த நீரின் கழிவும் தாழ்ந்து சென்று அடுத்த குளத்துக்கே உதவுகிறது. வவுனியாப் பகுதியிலிருந்து வரும் கனகராயன் ஆறு கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நிறைப்பதும் இம்முறையின் பெரிய வடிவமே. மேற்குளம் கீழ்க்குளத்தின் வயல்களை அறியாது. தன் நீரைத் தேக்கிப் பின் விடுவதே அதன் கடமை. கட்டளை நிரலும் அவ்வாறே. தனக்கு முன் நின்றது எது, பின் நிற்பது எது என்று அது கேட்பதில்லை. வரிவரியாக வருவதை வாங்கித் தன் பணியை முடித்து வரிவரியாகவே விடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். ஒரு பாடசாலையின் மாணவர் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கிறது எனக் கொள்க. வரிக்கு ஒரு மாணவராகப் பெயர், ஊர், வகுப்பு ஆகியவை அதில் உள்ளன. விசுவமடுவிலிருந்து எத்தனை பேர், தருமபுரத்திலிருந்து எத்தனை பேர், வட்டக்கச்சியிலிருந்து எத்தனை பேர் வருகின்றனர் என்பதை அதிபர் அறிய வேண்டும். முதற் கட்டளை ஊர்ப்பெயர் உள்ள நிரையை மட்டும் வெட்டியெடுக்கும். இரண்டாவது அப்பெயர்களை அகர வரிசையில் நிறுத்தும். அதனால் ஒரே ஊர்ப்பெயர்கள் அடுத்தடுத்து வந்துவிடும். மூன்றாவதாகிய 'யுனிக்' ஒத்த வரிகளை ஒன்றாக்கி, அவை எத்தனை எனவும் எண்ணிக் காட்டும். நான்காவது, பெருந்தொகை முதலாகச் சிறுதொகை ஈறாக மீண்டும் வரிசைப்படுத்தும். நான்கு கட்டளைகள், மூன்று குழாய்கள், ஒரே வரி. பட்டியலில் நூறு பெயரிருந்தாலும் பதினாயிரம் பெயரிருந்தாலும் கட்டளை ஒன்றே.

இங்கு நுணுகி நோக்கத்தக்க ஒன்றுண்டு. 'யுனிக்' தன் பக்கத்து வரியை மட்டுமே பார்க்கும். தொலைவில் உள்ள வரியைப் பார்க்காது. வரிசைப்படுத்தாமல் அதனிடம் பட்டியலைக் கொடுத்தால் ஒரே ஊர் பலமுறை தோன்றும். இது குறைபோலத் தோன்றினும் குறையன்று. வரிசைப்படுத்துவதற்கு வேறொரு நிரல் இருக்கையில், அதே வேலையை இதுவும் கற்பானேன் என்பதே ஆக்கியோரின் எண்ணம். இக்கருவிகளைப் பழகுவோர் ஒரு பெரிய வேலையைச் சிறு படிகளாகப் பகுக்கவும், எப்படிக்குப் பின் எப்படி எனச் சிந்திக்கவும் தாமாகவே கற்றுக்கொள்கின்றனர். இக்கல்வியே கருவியினும் மேலானது.

1986ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்றாகும். ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்கள் எவை என்று கண்டு சொல்லும் நிரலொன்றை, கணினியியற் பேரறிஞராகிய டொனால்ட் கனூத் ஓர் அறிவியல் இதழுக்காக எழுதினார். அது பத்துப் பக்கத்துக்கு மேற்பட்டது. அதனை மதிப்பிட்ட மக்கில்றோய், ஆறு சிறு கட்டளைகளைக் குழாய்களால் இணைத்து அதே பணியைச் செய்து காட்டினார். கனூத்தின் நோக்கம் வேறு. நிரலை ஒரு கட்டுரைபோல விளங்க எழுதும் முறையைக் காட்டுவதே அவர் மேற்கொண்ட பணி. ஆதலின் இதில் வெற்றி தோல்வி பேசுதல் பொருந்தாது. முன்னரே செய்து வைத்த சிறு கருவிகள் எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்கு அந்த ஆறு கட்டளைகள் நல்ல அளவுகோலாயின.

இனி, வன்னிக்கு இவற்றால் ஆவது என்ன என்பதை நோக்குவோர் பெயர்ப்பட்டியல்களையே முதலில் நினைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடங்கி 2009 மே மாதம் வரை போரினால் மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். வீடுகளோடு பிறப்புச் சான்றிதழ்களும், பாடசாலைகளோடு சேர்வுப் பதிவேடுகளும் பல அழிந்தன. எஞ்சிய ஏடுகள், முகாம்களில் எழுதிய பட்டியல்கள், மீள்குடியேற்றத்தின் பின் எழுதிய பட்டியல்கள் என ஒரே மக்களின் பெயர்கள் பல தாள்களிற் சிதறின. அவற்றை ஒப்புநோக்குதல் எளிய பணியன்று.

இரண்டு பட்டியல்களை ஒப்புநோக்க 'கொம்' என்றொரு சிறு கட்டளை உண்டு. வரிசைப்படுத்திய இரு கோப்புகளை அதனிடம் கொடுத்தால், முதலாவதில் மட்டும் உள்ளவை, இரண்டாவதில் மட்டும் உள்ளவை, இரண்டிலும் உள்ளவை என மூன்று நிரைகளாகப் பிரித்துக் காட்டும். முன்னைய பட்டியலில் இருந்து பின்னையதில் இல்லாத பெயர்கள் ஒரு நொடியில் திரையில் வந்து நிற்கும். கட்டளைக்கு ஒவ்வொன்றும் ஒரு வரி. பாடசாலைக்கோ ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை. அப்பிள்ளை வேறூர்ப் பாடசாலைக்குப் போயிருக்கலாம், கடல் கடந்திருக்கலாம், உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். அன்றி, எழுதியவர் கையில் பெயர் சற்றே மாறியிருக்கலாம். முதலெழுத்தின் புள்ளிக்குப் பின் ஒருவர் இடைவெளி விட்டும் மற்றொருவர் விடாமலும் எழுதியிருந்தால், அவ்விரு வரிகளும் நிரலுக்கு இரு வேறு மனிதர்களே. இதற்கு மறுதலையாக, ஒரே வகுப்பில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட இருவர் இருந்தால், ஒத்த வரிகளை ஒன்றாக்கும் கட்டளை அவ்விருவரையும் ஒருவராக்கிவிடும். ஒரு பிள்ளை ஓசையின்றிப் பட்டியலிலிருந்து மறைந்துபோகும். கருவி கீழ்ப்படியும், ஆனால் அறியாது. அறிய வேண்டியவர் அதனைக் கையாளுபவரே.

தமிழைப் பொறுத்தவரையில் இவ்வுண்மை இரட்டிப்பாகப் பொருந்தும். இக்கட்டளைகள் பிறந்த நாளில் அவற்றுக்கு ஆங்கில எழுத்துகளே தெரியும். தமிழுக்குரிய குறியெண்கள் 1991ஆம் ஆண்டின் யுனிகோட் முதற் பதிப்பில் இடம்பெற்றன. அவ்வெண்களைக் கோப்பில் எழுதும் முறையொன்றை 1992 செப்டெம்பரில் தொம்சனும் றொப் பைக்கும் நியூ ஜேர்சியின் ஓர் உணவகத்தில், மேசைத்தாளொன்றின் மேல் வரைந்து அமைத்தனர். யு.ரீ.எப்-8 என்பது அதன் பெயர். பழைய கட்டளைகளைக் கெடுக்காமை அம்முறையின் சிறப்பு. ஆங்கில எழுத்துக்கோ, இடைவெளிக்கோ, வரி முடிவுக்கோ உரிய எண், தமிழ் எழுத்தின் உறுப்பாக ஒருபோதும் வாராது. எனவே, தமிழைக் கனவிலும் காணாத காலத்தில் எழுந்த 'கிறெப்' இன்று ஒரு தமிழ்க் கோப்பில் 'மாங்குளம்' என்ற சொல்லைத் தவறாது தேடித் தருகிறது. பழைய கருவியை ஆக்கியவரே அதன் எதிர்கால வழியையும் அமைத்தது வியப்புக்குரியதன்றோ!

ஆயினும் சில இடங்களில் விழிப்பு வேண்டும். 'வன்னி' என்ற சொல்லில் தமிழ் கற்ற சிறுவன் மூன்று எழுத்துகளைக் காண்பான். எண்ணும் கட்டளையோ, குறியெண் கணக்கில் ஐந்து என்றும், பைற்றுக் கணக்கில் பதினைந்து என்றும் கூறும். ஒற்றின் புள்ளிக்கும் இகரத்தின் விசிறிக்கும் தனித்தனிக் குறியெண்கள் இருப்பதும், தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளைக் கொள்வதுமே காரணம். வரிசைப்படுத்தலிலும் இத்தகைய சிக்கலுண்டு. தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதியெழுத்து. யுனிகோட் அட்டவணையிலோ அது நகரத்தின் பின்னும் பகரத்தின் முன்னும் நிற்கிறது. ஆதலால் வெறும் எண்வரிசையில் அடுக்கினால், அகராதியிற் கமலாவுக்குப் பின் வரவேண்டிய கனகா முன்னே வந்துவிடுவாள். மொழி தமிழ் என்று கணினிக்கு அறிவித்தால் இவ்வரிசை திருந்தும்.

வேறொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. இலங்கையில் நெடுங்காலம் தமிழ்த் தட்டச்சுக்குப் பாமினி எழுத்துரு பெருவழக்காக இருந்தது. அதில் எழுதிய கோப்பினுள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருவை நீக்கினால் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சி தரும். அத்தகைய கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்ற, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் 'செட்' என்னும் சிறு கட்டளையே போதும். ஆனால் மாற்றும் ஒழுங்கில் கவனம் தேவை. 'கோ' என்பது பாமினியில் கொம்பு, ககரம், அரவு என மூன்று விசைகளால் ஆவது. மூன்றையும் ஒருங்கே மாற்றாமல் முதலிரண்டை மாற்றிவிட்டால், கொம்பும் அரவும் தனித்தனிக் குறியெண்களாகத் தங்கிவிடும். திரையிற் பார்ப்போர்க்கு இரண்டும் 'கோமதி' என்றே தோன்றும். நிரலுக்கு அவர்கள் இருவர். ஒரு பட்டியலில் இருந்த கோமதி மற்றொன்றில் இல்லை என்று அது சாதிக்கும்.

இத்தனை விழிப்பை வேண்டும் கருவிகளை விரும்புவானேன் என்று வினவுவோர் உளர். பெரிய மென்பொருள்களும் இத்தவறுகளைச் செய்யும். அவை அதனை மறைத்துச் செய்யும் என்பதே வேறுபாடு. சிறு கட்டளைகளில் ஒவ்வொரு படியும் கண்முன் நிற்கிறது. எந்தக் குழாயில் நீர் கலங்கியது என்று இடையில் நிறுத்திப் பார்க்கலாம். செய்த வேலை ஒரு வரியாக எழுத்தில் இருப்பதால், அடுத்த ஆண்டு மற்றோர் ஆசிரியர் அதனை மீண்டும் ஏவலாம், பிழையிருப்பின் திருத்தலாம்.

மேலும், இவை வறியவர்க்கும் எட்டுவன. 1983ஆம் ஆண்டில் றிச்சட் ஸ்ரோல்மன் அறிவித்த கட்டற்ற மென்பொருள் முயற்சியின் பயனாக இக்கருவிகள் புதிதாக எழுதப்பெற்று எல்லோர்க்கும் உரியவாயின. 1991ஆம் ஆண்டில் தோன்றிய லினக்ஸ் அவற்றை உலகெங்கும் கொண்டுசென்றது. புதிய மென்பொருளைத் தாங்காத பழைய கணினியிலும் இவை ஓடும். இணைய இணைப்பு அறுந்த நாளிலும் ஓடும். அன்ட்ரொயிட் கைப்பேசியின் உள்ளேயும் இக்கட்டளைகளின் சிறு தொகுதியொன்று மறைந்திருந்து பணிபுரிகிறது. வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திலும் கணினி கற்கும் இளைஞர் இவற்றை அறிவர். பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பயிலும் பிள்ளைகளும் அறிந்தால் நன்று.

குறைகளும் இல்லாமலில்லை. பெயர்கள் புரியாதவை, பயிலும்வரை கடினமானவை. தாளைப் படமெடுத்து வைத்த கோப்பில் இவற்றால் ஒரு சொல்லையும் தேட இயலாது. எழுத்தாகத் தட்டச்சிட்டதையே இவை அறியும். நீக்கும் கட்டளை இரண்டெழுத்தாலானது. மெய்யாகவே நீக்கவா என்று அது பெரும்பாலும் கேட்பதில்லை. ஆகவே, மூலக் கோப்பைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்த பின்னரே எந்த வேலையையும் தொடங்க வேண்டும். பதிவேடுகளை ஒருமுறை இழந்த மண்ணுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சுளகு நெல்லை விளைவிப்பதில்லை. துருசு மழையைப் பெய்விப்பதில்லை. ஆயினும் விளைந்ததைப் பிரித்தறியவும், பெய்ததைப் பயன்படுத்தவும் அவையே துணை. சிறு கட்டளைகளும் அத்தகையனவே. சிதறிய ஏடுகளிலிருந்து பெயர்களைத் திரட்டி, வரிசைப்படுத்தி, ஒப்புநோக்கி ஒரு பட்டியலை அவை நொடியில் தந்துவிடும். அதன்பின் அப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, இப்பெயர்க்குரிய பிள்ளை எங்கே என்று கேட்கும் கடமை மனிதர்க்கே உரியது.